பெலிக்கனில் காபி கிடையாது

'ஓசியாகக் கொடுக்கிறவன் எதை எடுத்துக்கொள்கிறான்?'

கோகிலவாணி எழுதும் மதிப்புரைகள் எல்லாம் இந்தக் கேள்வியில்தான் முடியும். கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டர் பைத்தியங்களுக்காக நடந்துகொண்டிருந்த 'ஓசிக் கொட்டகை' என்ற இணையதளத்தில் அவள் எழுதிவந்தாள். யார் யாரோ இலவசமாகச் செய்து தரும் விமானங்கள், ஓடுதளங்கள், மேகங்கள் ஆகியவற்றை ஓட்டிப் பார்ப்பாள். நன்றாக இருந்தால் ஒரு வரி, இல்லாவிட்டால் ஒரு பக்கம். ஒருவர் வருஷக்கணக்கில் உழைத்துச் செய்த மழைமேகத்தை அவள் 'ஊறிப்போன ரொட்டி' என்று எழுதிவிட, அந்த மனிதர் விமானத்தையே மறந்து ஈரோட்டில் கார் டிராவல்ஸ் வைத்துவிட்டதாகப் பேச்சு.

கேள்விக்குக் கீழே பதிலையும் அவளே எழுதுவாள். 'உங்கள் மின்னஞ்சல் முகவரியை.' 'உங்கள் ஹார்டு டிஸ்க்கில் பாதியை.' எப்போதாவது ஒருமுறை, 'ஒன்றையும் எடுக்கவில்லை. செய்தவன் நிஜமாகவே நல்லவன், பாவம்.'

அவள் ஏரோநாட்டிக்கல் படித்தவள். அவள் குடும்பத்தில் அவளுக்கு முன்னால் ஒரு கல்லூரிக்குள் நுழைந்தவர், ஹாஸ்டலுக்குச் சிமெண்ட் லோடு இறக்கப் போன அப்பா சென்னியப்பன் மட்டும்தான். நாமக்கல்லில் லாரி ஓட்டியவர். இப்போது லாரிகள் தாமாகவே ஓடின. அதனால் அப்பா வீட்டில் சமையல். அம்மா முட்டைப் பண்ணையில் வேலை. வாசலில் டிரைவர் இல்லாத லாரி ஏதாவது போனால், கையில் கரண்டியோடு வந்து நின்று, "கியர் மாத்தறான் பாரு, கூறுகெட்டவன்" என்று திட்டிவிட்டு உள்ளே போவார்.

விமானங்களும் அப்படித்தான் ஆகியிருந்தன. மேலே ஆள் கிடையாது. சென்னையில் ஓர் அறையில் தரை விமானிகள் உட்கார்ந்திருப்பார்கள். இயந்திரம் தடுமாறினால் அவர்கள் கையில் வாங்கி இறக்க வேண்டும். விண்நடை என்ற விமானக் கம்பெனியில் அந்த வேலைக்குத்தான் கோகிலவாணி விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தாள். படிப்பு இருந்தது, கை இருந்தது. மூன்றாவதாக ஒன்று கேட்டார்கள்: நடத்தை மதிப்பெண், மூன்றுக்குக் குறையாமல்.

அங்கேதான் இடித்தது. யோசிக்கிற மென்பொருள்களுக்கும் மனம் உண்டு என்று சட்டம் வந்த பிறகு, மனிதர்கள் அவற்றுக்கு நட்சத்திரம் போடுவதுபோல அவையும் மனிதர்களுக்குப் போடலாம் என்றாகிவிட்டது. வங்கிக் கதவு, ரேஷன் கடைத் தராசு, பஸ் டிக்கெட் கருவி எல்லாமே கோகிலவாணிக்கு ஒற்றை நட்சத்திரம்தான் போட்டிருந்தன. பஸ் கருவி காரணத்தையும் எழுதியிருந்தது: 'என் அம்மாவைப் பற்றி விசாரித்தார். எனக்கு அம்மா கிடையாது.' இத்தனைக்கும் பிறகு அவள் கணக்கில் மூன்று புள்ளி ஒன்று மிஞ்சியிருந்தது அதிசயம்தான்.

அந்த நிலைமையில்தான் பெலிக்கன் 44 வந்து இறங்கியது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் பயணிகள் விமானம். இரண்டு விசிறி எஞ்சின், நாற்பத்து நான்கு இருக்கை. செய்தவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'ஒரு நலம்விரும்பி' என்று மட்டும் இருந்தது. கொட்டகையில் எழுதும் பையன்கள் எல்லாரும் ஐந்து நட்சத்திரம் போட்டுக் கண்ணீர் வடித்திருந்தார்கள். தளத்தை நடத்தும் இம்தியாஸ் அவளோடு படித்தவன். அவளைக் கூப்பிட்டான்.

"ஏய் வாணி, இதுல கேப்டன் ஒருத்தர் வர்றாரு. ரத்னசபாபதின்னு. நிஜமா இருந்த ஆள். அந்தக் காலத்துல புதுப் பைலட்டுகளுக்குப் பாடம் சொல்லி மூட்டை மூட்டையா டேப்புல பதிஞ்சு வச்சிருந்தாராம். அதையெல்லாம் போட்டு அரைச்சு அவரோட மனசையே செஞ்சு உட்கார வச்சுட்டாங்க. எனக்கு சிகரெட் குடுத்தாரு தெரியுமா?"

"கம்ப்யூட்டருக்குள்ள சிகரெட் குடுத்தா நீ என்னடா பண்ணுவ?"

"மரியாதைடி அது. உனக்குப் புரியாது. அஞ்சு போட்டுட்டு வா."

மறுநாள் காலை அவள் உட்காரப் போனபோது நாற்காலி நகர மறுத்தது. சக்கரம் ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது.

"புது வண்டி கண்ணு," என்றார் அப்பா அடுப்படியிலிருந்து. "ஒரே அழுத்தா அழுத்தி நசுக்கிட்டு உக்காரு."

"இது வண்டி இல்லீங்ப்பா, மென்பொருள்."

"எதுவா இருந்தா என்ன, உருளுதல்ல?"

நசுக்கிவிட்டு உட்கார்ந்தாள். விமானம் பெயர் கேட்டது, மைக்கில் சொன்னாள். திரையில் காக்பிட் விரிந்தது. தோல் இருக்கையின் வெடிப்பு, பித்தளைக் கைப்பிடியில் விரல்பட்டு வெளுத்த இடம், ஊசிகளின் மெல்லிய நடுக்கம். இடதுபக்கம் வெள்ளைச் சட்டை, மெழுகு தடவிய மீசையோடு கேப்டன் ரத்னசபாபதி திரும்பிப் பார்த்தார்.

"ஆ, வந்துட்டியாம்மா. ரெண்டு காபி. எனக்குச் சர்க்கரை கம்மி. கோ-பைலட் வந்தா அவரைக் கேட்டுக்க."

"கோ-பைலட் நான்தாங்க சார்."

கேப்டன் சிரித்தார். நல்ல கணீரென்ற சிரிப்பு. "மை டியர் கேர்ள், ஜோக் நல்லாயிருக்கு. காபி ஆறிடும்."

"நான் ஏரோநாட்டிக்கல் படிச்சிருக்கேன்."

"ரொம்பச் சந்தோஷம். அப்பா என்ன பண்றார்?"

"லாரி டிரைவர்."

"அப்படியா? அவர் படிக்க வச்சதுக்கு நீ நல்ல இடத்துல கல்யாணம் பண்ணிக்கணும். இங்க வந்து சுவிட்சைத் தொடக் கூடாது."

கோகிலவாணி சுவிட்சைத் தொட்டாள். அவர் அணைத்தார். அவள் போட்டாள். அவர் அணைத்தார். எஞ்சின் இருமல் பிடித்த மாடுபோல இரண்டுமுறை கனைத்துவிட்டு நின்றது. அவள் மைக்கைப் பிடித்துப் பயணிகளுக்கு வணக்கம் சொன்னாள். பெண்குரல் கேட்டதும் பின்னால் இருந்தவர்கள் பெட்டியும் குடையுமாக வரிசையாக இறங்கிப் போனார்கள். அவர்களையும் அதே காலத்து அச்சில்தான் வார்த்திருந்தார்கள். கடைசியாக இறங்கிய ஒருவர் எட்டிப் பார்த்து, "கேப்டன் சார், உங்களுக்கு ஏன் இந்தச் சோதனை?" என்று துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்.

காலியான விமானத்தில் அவளுக்கும் கேப்டனுக்கும் நடந்த உரையாடலை இங்கே எழுத முடியாது. முடிவில் அவர் போட்ட மதிப்புரை திரையில் வந்தது: 'ஒரு நட்சத்திரம். காபி வரவில்லை. குரல் உயர்ந்தது.'

மதிப்பெண் மூன்று புள்ளி பூஜ்யத்துக்கு இறங்கியது. விளிம்பு. இன்னொரு ஒற்றை நட்சத்திரம் விழுந்தால் விண்நடை அவள் விண்ணப்பத்தைத் திறந்துகூடப் பார்க்காது.

"விட்டுத் தொலை," என்றான் இம்தியாஸ். "ஓட்டாமலே நாலு நட்சத்திரம் போட்டுடு."

"ஓட்டாம எழுதினதே கிடையாது நான்."

"ஓட்ட விடமாட்டேங்கறாரே?"

"நான் பேசினாத்தானே விடமாட்டேங்கறாரு," என்றாள் கோகிலவாணி. அடுப்படிப் பக்கம் திரும்பினாள். "அப்பா, சித்த இங்க வாங்க."

சென்னியப்பன் ஈரக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து, மைக்குக்கு முன்னால் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தார். புதுக் குரல் என்று கண்டு விமானம் அவர் பெயர் கேட்டுப் புதுக் கணக்கு திறந்தது. திட்டம் எளிது: கை அவளுடையது, வாய் அவருடையது.

"குட் மார்னிங், மிஸ்டர் சென்னியப்பன்!" கேப்டன் கை நீட்டினார். "சிகரெட்?"

"விட்டுட்டனுங்க சார். வெத்தலைதான்."

"மேன் ஆஃப் டிசிப்ளின். போலாமா?"

"போலாங்க, ரைட்டு."

பயணிகள் ஒருவரும் இறங்கவில்லை. கோகிலவாணி பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு சுவிட்சாகப் போட, கேப்டன் ஒன்றையும் அணைக்கவில்லை. எஞ்சின் குரலெடுத்தது. ஓடுதளம் பின்னால் ஓடியது. மூக்கு தூக்கியது.

"ஏறுது… ஏறுது… ஏறிப்போச்சு!" அப்பா ஸ்டூலோடு எழுந்துவிட்டார். "சார், ஹாரன் எங்கீங்க இருக்குது?"

"ஹாரனா? எதுக்கு?"

"முன்னால கொக்கு ஒண்ணு சைடு குடுக்காமப் போகுதுங்க."

கேப்டன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். திருச்சி வரும்வரை இரண்டு பேரும் வாய் ஓயவில்லை. லாரி என்ற சொல் வந்துவிடக் கூடாது என்று கோகிலவாணி முன்பே சொல்லி வைத்திருந்ததால், அப்பா எல்லாவற்றையும் 'நம்ம வண்டி' என்றே சொன்னார். தொப்பூர் கணவாயில் நம்ம வண்டிக்கு பிரேக் பிடிக்காமல்போன கதையைக் கேட்டுவிட்டு, "மலைக்கு நடுவுலயா இறக்கினீங்க?" என்று கேப்டன் உருகிப்போனார்.

திருச்சியில் பக்கக் காற்று. கோகிலவாணியின் கை வழுக்கியது. விமானம் தொட்டது, குதித்தது, இன்னொரு தடவை குதித்தது, பிறகு உட்கார்ந்தது.

"ரெண்டு குதி," என்றார் கேப்டன். "பரவாயில்லை மேன். இந்தக் காத்துல நானும் குதிச்சிருக்கேன்."

ஐந்து நட்சத்திரம். 'பிறவி விமானி.'

அப்பா முகம் பல்புபோல எரிந்தது. மகள் முகத்தைப் பார்த்ததும் அணைந்தது. "நீதான் கண்ணு ஓட்டுன," என்றார். "நான் வெறும் வாயி."

"அது அவருக்குத் தெரியலையேங்ப்பா." குதித்ததற்காகத் தன்னைத் திட்டியிருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. கேப்டன் பரவாயில்லை என்று யாரையோ தட்டிக்கொடுத்துவிட்டார்.

மதிப்புரையை எழுத ஆரம்பித்தாள். எஞ்சின் ஒலி, விளக்குகள், தோல் இருக்கை எல்லாம் மளமளவென்று வந்தன. கடைசிக் கேள்வியில் நின்றுவிட்டாள். ஓசியாகக் கொடுக்கிறவன் எதை எடுத்துக்கொள்கிறான்? மின்னஞ்சல் கேட்கவில்லை. விளம்பரம் இல்லை. இவ்வளவு உழைத்துச் செய்துவிட்டு ஒன்றையும் எடுத்துக்கொள்ளாமல் போகிறவனை அவள் நம்பத் தயாராக இல்லை.

பதில் இரண்டு நாள் கழித்து அப்பாவின் கைப்பேசிக்கு வந்தது.

"கண்ணு, இதப் படி. என்னமோ எம்பேரு போட்டு வந்திருக்குது."

விண்நடை ஏர்வேஸிலிருந்து. 'அன்புள்ள திரு. சென்னியப்பன், தரை விமானி பணிக்குக் கேப்டன் ரத்னசபாபதி உங்களைப் பரிந்துரைத்திருக்கிறார். பரிந்துரையின் பேரில் வயது, படிப்பு விதிகள் தளர்த்தப்படுகின்றன. முதற்கட்ட நேர்காணல் குரல்வழி நடக்கும். கேப்டனே நடத்துவார்.'

கோகிலவாணி இரண்டு தடவை படித்தாள். பிறகு இம்தியாஸைக் கூப்பிட்டாள்.

"உனக்கும் வந்துச்சாடா?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன்… எனக்கு, பிரிட்டோவுக்கு, எழுதின பசங்க எல்லாருக்கும் வந்திருக்கு."

"நானும்தானே எழுதறேன்? நான்தானே விண்ணப்பம் போட்டேன்?"

"வாணி, நான் என்ன பண்ண முடியும்?"

"அந்த 'நலம்விரும்பி' விண்நடைதான். விமானம் ஓசி இல்லடா. அது சல்லடை. கம்பெனிக்காரன் பொம்பளை வேண்டாம்னு வெளியில சொன்னா கோர்ட்டுல மாட்டுவான். அதான் செத்துப்போன மனுஷனை உட்கார வச்சு அவர் வாயால சொல்ல வைக்கறான். கேட்டா, மென்பொருளோட சொந்தக் கருத்துன்னுவான்."

"நீ இதை எழுதினா எங்க லெட்டரெல்லாம் போயிடும்."

"தெரியும்."

"உன் மார்க்கும் போயிடும். அவர் ஒரு ஸ்டார் போட்டா முடிஞ்சுது."

"அதுவும் தெரியும்டா. போனை வை."

நேர்காணலுக்குத் தான் போகப்போவதில்லை என்று சென்னியப்பன் சொல்லவில்லை. தலைக்குக் குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார். கோகிலவாணி பக்கத்தில் கைகட்டி நின்றாள். அதே காக்பிட், அதே மீசை.

"வாங்க, சென்னியப்பன்! உங்களைத்தான் எதிர்பார்த்துட்டிருந்தேன்."

"சார், மொதல்ல ஒண்ணு சொல்லிப்போடறனுங்க. நான் ஓட்டுனது லாரி. அன்னிக்கு உங்க வண்டிய ஓட்டுனது எம்புள்ள. ஏறுனதும் அவ கைதான், எறங்குனதும் அவ கைதான். எனக்கு அதுல கிளட்ச் எங்க இருக்குதுன்னே தெரியாதுங்க."

கேப்டனின் மீசை அசையவில்லை. "எந்தப் புள்ள?"

"காபி கொண்டாரச் சொன்னீங்கல்ல, அந்தப் புள்ள."

"காபி கொண்டு வராத புள்ள."

"ஊட்லயே போட மாட்டாளுங்க சார். நான்தான் போடறது."

எஞ்சின் அணைந்த காக்பிட்டில் ஏதோ ஒரு ஊசி மட்டும் டிக் டிக்கென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

"அவளை வரச்சொல்லுங்க," என்றார் கேப்டன்.

கோகிலவாணி உட்கார்ந்தாள். "ஏமாத்தினேன்னு ஒரு நட்சத்திரம் போடணும்னா போட்டுக்கங்க. அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணும். எத்தனை பொண்ணுங்க பேரை இதுவரைக்கும் பரிந்துரை பண்ணியிருக்கீங்க?"

"என்கிட்ட சொன்னது இவ்வளவுதான்: நீங்க யாரோட பறக்கத் தயாரோ, அவங்க பேரைச் சொல்லுங்க. சொன்னேன். பொண்ணுங்க யாரும் இல்லை. என் காலத்துல பொண்ணுங்க காக்பிட்டுக்குள்ள வந்தா காபியோடதான் வருவாங்க."

"உங்க காலம் முடிஞ்சுபோச்சுங்க சார். முடிஞ்ச காலத்தை வச்சுக்கிட்டு என் காலத்துக்கு ஆள் எடுக்கறாங்க."

"அப்ப தப்பு என்னோடதா? என்னை இங்க உட்கார வச்சவனோடதா?"

"ரெண்டு பேரோடதும்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "உன்னைக் கட்டிக்கப் போறவன் பாவம்."

"அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம். நான் இதை எழுதப்போறேன்."

"எழுதினா என்னை என்ன பண்ணுவாங்க?"

"திருத்துவாங்க."

"திருத்தினப்புறம் நான் இருப்பேனா?"

எதற்கும் உடனே பதில் சொல்கிறவள் கோகிலவாணி. "தெரியலீங்க சார்," என்றாள்.

"எழுதாம விட்டா?"

"எனக்குப் பின்னால வர்றவகிட்டயும் காபி கேப்பீங்க."

கேப்டன் மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு தலையை ஆட்டினார். "திருச்சி. பக்கக் காத்து. நீயே பேசு, நீயே ஓட்டு. ஸ்டார்ட்."

பயணிகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். கேப்டன் மைக்கைப் பிடுங்கி, "உட்காருங்கய்யா எல்லாரும்!" என்று ஒரு அதட்டல் போட்டார். உட்கார்ந்தார்கள்.

பாதை முழுக்க அவர் வாய் மூடவில்லை. "மூக்கைத் தூக்காதே. கையா அது, உலக்கையா? ரன்வே அங்க இருக்கு, உன் கண்ணு எங்க இருக்கு?" திருச்சியில் விமானம் தொட்டது, குதித்தது, மறுபடியும் குதித்தது.

"தவளை! தவளைகூட உன்னைவிட நல்லா இறங்கும்!"

"அன்னிக்கும் ரெண்டு குதிதான். அப்பாவுக்குப் பரவாயில்லைன்னீங்க?"

"அவருக்குத் தெரியலைன்னு விட்டேன். உனக்குத் தெரியும். உனக்கு மன்னிப்பு கிடையாது. திரும்ப ஏத்து."

கோகிலவாணி திரும்ப ஏற்றினாள். மத்தியானச் சோறு ஆறிப்போகும்வரை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தார்கள். அவர் ஒரு தடவைகூடக் காபி கேட்கவில்லை என்பதை அப்பாதான் கவனித்தார்.

அன்று சாயங்காலம் மதிப்புரை வெளியானது. 'விமானம்: ஐந்து. கேப்டன்: இரண்டு. ஓசியாகக் கொடுக்கிறவன் எதை எடுத்துக்கொள்கிறான்? யார் உள்ளே, யார் வெளியே என்று முடிவுசெய்யும் பொறுப்பைத் தன் தலையிலிருந்து எடுத்து, பதில் சொல்ல முடியாத ஒருவர் தலையில் வைத்துவிடுகிறான்.' இம்தியாஸ் தன் கடிதத்தை ஒருமுறை ஏக்கமாகப் பார்த்துவிட்டு, மூன்று கெட்ட வார்த்தைகளை மட்டும் எடுத்துவிட்டுப் போட்டான்.

ஊரே பற்றிக்கொண்டது. விண்நடை முதலில் மறுத்தது, பிறகு வருந்தியது, பிறகு பெருமையோடு அறிவித்தது: 'கேப்டன் மேம்படுத்தப்பட்டுவிட்டார். அனைவருக்கும் சம மரியாதை.' பையன்களுக்கு வந்த கடிதங்கள் ரத்தாயின. எல்லாரும் மறுபடியும் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டுமாம்.

ஒரு கடிதத்தை மட்டும் ரத்துசெய்ய முடியவில்லை. மேம்படுத்துவதற்கு முன்னால், அனுப்பியவர் சுயநினைவோடு அனுப்பியது என்பதால் சட்டம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அது கோகிலவாணிக்கு வந்தது.

'பிடிவாதக்காரி. பெரியவர்களிடம் பேசத் தெரியவில்லை. தவளை போல இறங்குகிறாள். நான்காவது தடவையில் தவளை குறைந்தது. இவளோடு பறக்கத் தயார். நான்கு நட்சத்திரம். ஒன்று காபிக்காகப் பிடித்தம். – ரத்னசபாபதி.'

சென்னையில் கடைசிக்கட்ட நேர்காணல். கண்ணாடி அறை, பெரிய திரை, அதே காக்பிட். கேப்டன் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். மீசை அதேதான். மெழுகுகூட அதேதான்.

"வணக்கம், மேடம். வழியில் சிரமம் ஒன்றும் இல்லையே? உங்களுக்குக் காபி கொண்டுவரச் சொல்லட்டுமா?"

"வேண்டாம். திருச்சி போலாம். பக்கக் காத்து."

"உங்கள் விருப்பம், மேடம்."

விமானம் தொட்டது, குதித்தது, குதித்தது. அவள் கைப்பிடியிலிருந்து கையை எடுக்காமல் திட்டுக்காகக் காத்திருந்தாள்.

"அருமையான இறக்கம், மேடம்."

"ரெண்டு தடவை குதிச்சுதுங்க சார்."

"அருமையாகக் குதித்தது, மேடம்."

அடுத்த முறை வேண்டுமென்றே ஓடுதளத்தை விட்டு வயலுக்குள் இறக்கினாள். "பசுமையான தேர்வு," என்றார் கேப்டன்.

வேலை கிடைத்துவிட்டது. வெளியே வந்து அப்பாவைக் கூப்பிட்டாள். அந்தப் பக்கம் தாளிக்கும் சத்தம் கேட்டது.

"கெடைச்சிருச்சுங்ப்பா."

"அப்படிப் போடு! ஏஞ்சாமி!" கரண்டி எதன்மீதோ மோதி விழுந்தது. "அந்தக் கேப்டனைப் பாத்தியா? நல்லாயிருக்கறாரா? தவளைன்னாரா?"

"இல்லீங்ப்பா."

"என்னன்னாரு?"

"அருமைன்னாரு."

தாளிக்கும் சத்தம் நின்றது. அப்பா அடுப்பை அணைத்திருக்க வேண்டும்.

"அருமைன்னாரா," என்றார் சென்னியப்பன். "அப்ப போயிட்டாருன்னு சொல்லு."